பட்டாபிஷேகம் என்ற சொல்லில் முடி எங்கே? – ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மாலை, அம்மன் சன்னதி ஆறுகால் பீடத்தில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம் என்று பெயர் பெற்ற முடியைச் சாத்துகிறார்கள். வேப்பம்பூ மாலை அணிவிக்கிறார்கள். செங்கோலை அம்மன் கையில் வைக்கிறார்கள். பிறகு கோயில் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் அதைப் பெற்றுக்கொண்டு பிரகாரம் சுற்றி வந்து மறுபடியும் அம்மனிடமே சேர்க்கிறார். அன்று தொடங்கும் மீனாட்சியின் ஆட்சி, ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் ஆகும்வரை நீளும் என்பது மதுரைக் கணக்கு.

இத்தனையும் நடக்கும் விழாவின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பட்டம், அபிஷேகம் என்று இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. கிரீடம் அதில் இல்லை. மாலையும் இல்லை, செங்கோலும் இல்லை. கூட்டம் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக் காத்திருக்கும் அந்த ஒரு கணத்தை விழாவின் பெயர் சொல்லவே இல்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். அரசனை அரசனாக்கும் சடங்குக்குத் தமிழில் மூன்று வினைகள் இருக்கின்றன. நீரை ஊற்றுவது, பட்டத்தைக் கட்டுவது, முடியைச் சூட்டுவது. மூன்றும் வேறு வேறு பொருள்கள், வேறு வேறு கைவேலை, வேறு வேறு வரலாறு. பட்டாபிஷேகம் என்ற சொல் முதல் இரண்டைச் சொல்லி மூன்றாவதை விட்டுவிட்டது. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லார் மனத்திலும் எழுவது மூன்றாவது மட்டுமே.

சொல்லின் கட்டு

வடமொழியில் பட்ட, அபிஷேக என்ற இரண்டும் சேரும்போது நடுவிலுள்ள இரண்டு அகரங்களும் கலந்து நெடிலாகின்றன. பட்டாபிஷேகத்தின் ‘டா’ அப்படி வந்தது. அபிஷேகத்தை மேலும் பிரித்தால் ‘அபி’ என்ற முன்னொட்டும், ஊற்று, தெளி, நனை என்று பொருள்படும் ‘ஸிச்’ என்ற வினையடியும் கிடைக்கும். முன்னால் இகரம் வந்ததால் ஸகரம் ஷகரமாயிற்று. ஒருவர்மேல் படும்படி ஊற்றுவதே அபிஷேகம். எதை ஊற்றுவது என்று சொல் கட்டுப்படுத்தவில்லை. கோயிலில் பாலும் தயிரும் தேனும் அபிஷேகமாவதும், தமிழ் விவிலியத்தில் சாமுவேல் தைலக்கொம்பை எடுத்துத் தாவீதை அபிஷேகம் பண்ணுவதும் சொல்லின் மூலப் பொருளுக்கு முழுக்க இணங்கியவை.

தொகையை விரிப்பதில்தான் கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு. பட்டமும் அபிஷேகமும் என்று உம்மைத்தொகையாக விரிக்கலாம். பட்டத்துக்கு வருவதற்கான அபிஷேகம் என்றும் விரிக்கலாம். பட்டம் என்பது பதவி என்ற பொருளுக்கு நகர்ந்த பிறகு இரண்டாவது விரிவே இயல்பாகத் தோன்றும். ஆனால் பழைய சான்றுகளில் பட்டம் கட்டுவது தனிச் சடங்காகவே வருவதால், இரண்டு செயல்களையும் சேர்த்துச் சொன்ன உம்மைத்தொகை என்று கொள்வதே எங்கள் முடிவு.

நீர்

அரசனுக்கு நீர் ஊற்றும் சடங்கின் மிக விரிவான பழைய வழிகாட்டி, வேதச் சடங்கு நூலான சதபத பிராமணம் சொல்லும் ராஜசூய வேள்வியில் இருக்கிறது. 17 வகை நீரைச் சேகரிக்கச் சொல்கிறது அந்நூல். சரஸ்வதி ஆற்று நீர், கடல் நீர், சுழலில் எடுத்த நீர், ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி ஓடும் நீர், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பெய்யும் மழையின் நீர், குளத்து நீர், கிணற்று நீர், பனித்துளி, தேன், பால், நெய் என்று பட்டியல் நீள்கிறது. கன்று ஈனும் பசுவின் பனிக்குடத்து நீரும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் அத்திமரப் பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்து, பிறகு நான்கு மரக்கிண்ணங்களில் பிரிக்கிறார்கள்.

யார் எந்தக் கிண்ணத்தால் ஊற்றுவது என்பதில்தான் சடங்கின் அரசியல் இருக்கிறது. புரசமரக் கிண்ணம் பிராமணனுக்கு. அத்திமரக் கிண்ணம் அரசனின் சொந்த உறவினனுக்கு. ஆலமரக் கிண்ணம் நட்புடைய அரச குலத்தானுக்கு. அரசமரக் கிண்ணம் வைசியனுக்கு. புலித்தோல்மேல் கிழக்கு நோக்கி நிற்பவன்மீது இவர்கள் வரிசையாக நீரைத் தெளிக்கிறார்கள். புரோகிதர், பங்காளி, பக்கத்து நாட்டான், செல்வம் ஈட்டுகிறவன் ஆகிய நால்வரும் கைதொட்டு ஊற்றிய பிறகு, பின்னொரு நாள் இவன் எனக்கு அரசனில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் இருக்காது. முடிசூட்டுவதற்கு ஒரு கை போதும். நீராட்டுவதற்குப் பல கைகள் வேண்டும்.

வால்மீகியின் இராமனுக்கும் இதே முறைதான். நான்கு கடல்களிலிருந்தும் ஐந்நூறு ஆறுகளிலிருந்தும் வானரர்கள் குடங்களில் நீர் கொண்டுவருகிறார்கள். வசிட்டர், வாமதேவர், ஜாபாலி முதலான முனிவர்கள் கூட்டாக நின்று ஊற்றுகிறார்கள்.

தமிழ் மரபு இதை வடக்கிலிருந்து முழுவதுமாகக் கடன் வாங்கியது என்று எழுதுவது தவறு. தொல்காப்பியப் புறத்திணையியலில் மண்ணுமங்கலம் என்ற துறை இரண்டு திணைகளில் வருகிறது. மண்ணுதல் என்றால் கழுவுதல், நீராடுதல். அரசனைப் புகழும் பாடாண் திணையில் ‘சிறந்த சீர்த்தி மண்ணுமங்கலம்’ அரசனின் நீராட்டு விழா. மதில் முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையில் வருவது ‘குடுமி கொண்ட மண்ணுமங்கலம்’: பகை மன்னனை மதிலில் வென்று, அவன் முடியைக் கொண்டு ஆடும் வெற்றி நீராட்டு. அபிஷேகத்துக்கு ஈடான தமிழ்ச்சொல் வேண்டுவோர் திருமுழுக்கு என்றும் நன்னீராட்டு என்றும் தேடுகிறார்கள். அரசனுக்கென்றே வைத்த பழஞ்சொல் தொல்காப்பியத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

உழிஞைத் துறையின் நேர்வாரிசு போலப் பிற்காலக் கல்வெட்டுகளில் வருவது வீராபிஷேகம். மாறவர்மன் சுந்தரபாண்டியனின் பட்டப்பெயரே ‘சோணாடு கொண்டு முடிகொண்ட சோழபுரத்து வீராபிஷேகம் பண்ணியருளிய’ என்று நடக்கிறது. 1216-ல் ஆட்சிக்கு வந்தவன் அவன். இந்தத் தொடரை வாசிக்கும்போது வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சுந்தரபாண்டியன் அங்கே இரண்டாம் முறை ‘முடிசூடினான்’ என்று எழுதிவிடுகிறார்கள். மதுரையில் ஏற்கெனவே அரசனாக இருப்பவன் மறுபடி அரசனாக வேண்டியதில்லை. வென்ற மண்ணில், தோற்றவனின் மண்டபத்தில், வெற்றி நீராட்டு ஆடினான் என்பதே செய்தி. ‘முடிகொண்ட சோழபுரம்’ என்பதும் இங்கே ஊர்ப்பெயர். அதிலுள்ள முடி சுந்தரபாண்டியன் கொண்டதல்ல.

பட்டம்

இந்தச் சொல்லில் அதிகம் தொலைந்துபோன பாதி இதுதான். இன்று பட்டம் என்றால் பல்கலைக்கழகத்தில் வாங்குவது, அல்லது ஆடியில் பறக்க விடுவது. பட்டாபிஷேகத்தைப் ‘பட்டு’ என்ற துணியோடு இணைத்துப் பட்டாடை உடுத்தி நடத்தும் அபிஷேகம் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அது பிழை.

பட்டம் என்பது நெற்றியில் கட்டும் பொன் தகடு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதை இதற்கென ஓர் இயலையே ஒதுக்கி அளவுகளைத் தருகிறது. அரசனின் பட்டம் நடுவில் 8 அங்குல அகலம். அரசிக்கு 7, இளவரசனுக்கு 6, படைத்தலைவனுக்கு 4. அரசனின் தயவைப் பெற்றவர்களுக்குத் தரும் பிரசாதப் பட்டம் 2 அங்குலம். எல்லாப் பட்டங்களுக்கும் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு. இரு ஓரங்களிலும் அகலம் நடுவில் இருப்பதில் பாதி. அனைத்தும் தூய பொன். அரசனுடையதற்கு மேல்விளிம்பில் சிகைகள் என்னும் 5 முனைகள் எழும்பி நிற்கும். அரசிக்கும் இளவரசனுக்கும் 3, படைத்தலைவனுக்கு 1, பிரசாதப் பட்டத்துக்குச் சிகையே கிடையாது.

அங்குலம் என்பது இங்கே ஒரு விரல் அகலம், ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர். அப்படியானால் அரசனின் பட்டம் நடுவில் சுமார் 15 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தகடு. நெற்றியின் குறுக்கே ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை செல்லும். அதன்மேல் ஐந்து சிகைகளும் நின்றால், எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது முடியாகவே தெரியும். பட்டமும் முடியும் மக்கள் மனத்தில் ஒன்றானதற்கு இந்த வடிவமும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

தட்டும்போது என்ன தவறலாம் என்பதையும் வராகமிகிரர் விடவில்லை. பொன் சிரமமில்லாமல் விரிந்து கொடுத்தால் அரசனுக்கு வெற்றியும் குடிகளுக்கு நலமும் உண்டாகும். நடுவில் துளை விழுந்தால் அரசனின் உயிருக்கும் நாட்டுக்கும் கேடு. நடுவில் வெடித்த தகட்டை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். ஓரங்களில் வெடித்தால் தடைகள் வரும். பொன்வேலை தெரிந்தவர்களுக்கு இதில் கைத்தொழில் அறிவும் தெரியும். தூய பொன் மெல்ல மெல்ல விரியும். கலப்பு மிகுந்தாலோ, இடையிடையே சூடுகாட்டி இளக்காமல் தொடர்ந்து அடித்தாலோ உலோகம் இறுகி வெடிக்கும். நிமித்தமாகச் சொன்னது பொன்னின் தரத்துக்கும் தட்டானின் பக்குவத்துக்கும் சோதனையாகவும் அமைந்துவிட்டது.

இந்தத் தகட்டுக்குரிய வினைச்சொல் ‘கட்டு’. பட்டம் சூட்டுதல் என்று இன்று எழுதுகிறோம். பட்டங்கட்டுதல் என்பதே பழைய முறை. தக்காண அரசுகளின் செப்பேடுகளில் இதன் வடமொழி வடிவமான பட்டபந்தம் வருகிறது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் இந்திரன் 915-ல் தன் பட்டபந்த விழாவுக்காகக் குருந்தகம் என்ற ஊருக்குச் சென்று, துலாபாரம் ஏறித் தானங்கள் வழங்கியதைச் செப்பேடுகள் பதிந்துள்ளன. கங்க மன்னன் இரண்டாம் சிவமாறனுக்கு இராட்டிரகூடக் கோவிந்தனும் பல்லவ நந்திவர்மனும் தம் கைகளாலேயே நெற்றியில் பட்டம் கட்டியதாகக் கங்கச் செப்பேடு பேசுகிறது. கட்டுபவன் யார் என்பதில்தான் பட்டத்தின் மதிப்பு. பெரிய அரசன் சின்ன அரசனுக்குக் கட்டலாம், அரசன் படைத்தலைவனுக்குக் கட்டலாம். வராகமிகிரரின் அளவு வரிசையே அதைக் காட்டுகிறது. முடி ஒரு நாட்டில் ஒன்றே. பட்டம் பல படிகள் கொண்டது.

அந்தப் படிநிலைதான் சொல்லைத் தமிழில் இவ்வளவு செழிக்க வைத்தது. பட்டத்தரசி, பட்டத்து யானை, பட்டப்பெயர், கொங்குநாட்டுப் பட்டக்காரர், கத்தோலிக்கக் குருமார்களின் குருப்பட்டம், இளங்கலைப் பட்டம் என எல்லாவற்றிலும் ‘மேலிருந்து ஒருவர் தந்த தகுதி’ என்ற பொருள் ஓடுகிறது. தகடு மறைந்து தகுதி நின்றது. தகட்டையே கண்ணால் காண வேண்டுமானால் யானையின் நெற்றிப்பட்டத்தைப் பார்க்கலாம். சொல்லும் பொருளும் பிரியாமல் இருக்கும் இடம் அது. கட்டும் செயலைக் காண வேண்டுமானால் கோயிலில் பரிவட்டம் கட்டுவதைப் பார்க்கலாம். அது துணிதான். ஆனாலும் யாருக்கு முதலில் கட்டுவது என்று ஊர்கள் இன்றும் வழக்காடுவதற்குக் காரணம் பட்டத்தின் அதே தருக்கம்.

சொல்லின் வேர் பற்றி இரு கருத்துகள் உண்டு. இலை, தகடு என்று பொருள்படும் ‘பத்ர’ பிராகிருத வழியாகப் ‘பட்ட’ ஆயிற்று என்பது ஒன்று. தட்டையான கீற்றைக் குறிக்கும் தமிழ்ப் ‘பட்டை’யோடு சேர்த்துப் பார்ப்பது மற்றொன்று. எதை ஏற்றாலும் தட்டையான ஒன்று என்ற அடிப்படைப் பொருள் மாறாது.

முடி

முடி தமிழ்ச்சொல். உச்சி, தலைமயிர், முடிச்சு, மகுடம் எல்லாம் அதன் பொருள்கள். சூட்டு என்பது சூடு என்பதன் பிறவினை. பூவுக்கே உரிய வினை அது. பூச்சூட்டுகிறோம், கண்ணி சூட்டுகிறோம். சங்க கால வேந்தனுக்குத் தலையில் சூடிய பூவே அடையாளம். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி என்று தொல்காப்பியம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. முடியும் அந்த மூவருக்கே உரியதாக இருந்தது. ‘முடிகெழு வேந்தர் மூவர்’ என்ற சிலப்பதிகாரத் தொடரில் குறுநிலத் தலைவர்களான வேளிர்க்கு இடமில்லை. மதுரையில் எட்டாம் நாள் மீனாட்சிக்கு அணிவிக்கும் வேப்பம்பூ மாலை இதனால்தான் அலங்காரம் மட்டுமன்று. பாண்டியன் மகளைப் பாண்டியராக அடையாளம் காட்டும் பூ அது. கிரீடத்தைவிட அது பழையது.

காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பவரிசை, எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் பல்லவன் அரசுக்கு வந்த கதையைக் கல்வெட்டுக் குறிப்புகளோடு காட்டுகிறது. அவன் தந்தை இரணியவர்மனிடம் கொண்டுவந்த பொருள்களைப் பார்த்து, இவை யானைத் தலைகளா என்று அவர் கேட்க, அல்ல, உம் மகனுக்குரிய மகுடங்கள் என்று விடை வருகிறது. பல்லவ மகுடம் எவ்வளவு உயரமும் பருமனும் கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கம்பன் காலத்துக்கு வரும்போது முடி முன்னால் வந்துவிட்டது. யுத்த காண்டத்தின் அந்தப் படலத்துக்கே திருமுடி சூட்டு படலம் என்று பெயர். அரியணையை அனுமன் தாங்க, அங்கதன் உடைவாள் ஏந்த, பரதன் வெண்குடை பிடிக்க, வெண்ணெயூர்ச் சடையன் மரபினர் எடுத்துக் கொடுக்க, ‘வசிட்டனே புனைந்தான் மௌலி’. வால்மீகியில் பல முனிவர் சேர்ந்து நீர் ஊற்றிய இடத்தில், கம்பனில் வசிட்டன் ஒருவனின் கை முடியைப் புனைகிறது. கவனிக்க வேண்டியது அந்த முடி கைமாறும் வழி. பழைய நீராட்டில் பலர் ஏற்பளித்ததன் மிச்சம், முடியை எடுத்துக் கொடுக்கும் சடையனின் வேளாண் குடியின் கையில் தங்கியிருக்கிறது.

முடியின் ஈர்ப்பு எவ்வளவு வலியது என்பதற்கு வைணவ வியாக்கியானங்களின் மணிப்பிரவாளம் என்ற வடமொழி கலந்த தமிழ் நடை சான்று. அங்கே திருவபிஷேகம் என்றால் திருமஞ்சனம் என்னும் நீராட்டு அன்று. பெருமாள் தலையிலுள்ள கிரீடமே திருவபிஷேகம். ஊற்றுதல் என்ற வினைப்பெயர் சூடும் பொருளின் பெயராகிவிட்டது. மகுடாபிஷேகம் என்று பிற்காலத்தில் பிறந்த கலவைச்சொல்லும் இதே வழியில் வந்தது.

சடங்கும் சொல்லும்: பாங்காக், 4 மே 2019

சொல் சரியாகச் சொல்வதைச் சடங்கும் சரியாகச் செய்யும் இடம் இன்றும் ஒன்று இருக்கிறது. தாய்லாந்தில் இதன் பெயர் ராஜாபிஷேகம். அவர்கள் வாயில் ‘ராச்சாபிசேக்’. மன்னர் வஜிரலங்கோர்னுக்கு 2019 மே 4 அன்று நடந்ததில் முதல் கட்டம் மூர்த்தாபிஷேகம், அதாவது வெள்ளுடையில் தலைமுழுக்கு. அடுத்தது, அத்திமரத்தால் செய்த எண்கோண ஆசனத்தில் எட்டுத் திசை நீரையும் ஏற்பது. ராஜசூயத்தில் பாத்திரத்துக்குச் சொன்ன அதே மரம். ஐதரேய பிராமணம் அரசனின் ஆசனத்துக்கும் அத்தியைத்தான் சொல்கிறது. நீர் நாட்டின் 76 மாகாணங்களிலிருந்தும் தலைநகரிலிருந்தும் வந்தது.

அதற்குப் பிறகே வேறு ஆசனத்தில் அமர்ந்து முடி ஏற்கிறார். 66 சென்டிமீட்டர் உயரமும் 7.3 கிலோ எடையும் கொண்ட பொன்முடி. தலைமைப் பிராமணர் எடுத்துக் கொடுக்க, மன்னர் தாமே அணிந்துகொள்கிறார். பழைய தாய் மன்னர்கள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். தலையில் வைத்துக்கொள்வதைச் சடங்கின் உச்சமாக்கியது 19-ஆம் நூற்றாண்டில் மன்னர் நான்காம் ராமர் காலத்திலிருந்து, ஐரோப்பிய வழக்கைப் பார்த்து. அரசனின் நிலையை அறிவிப்பது குடை. அபிஷேகம் ஆகாத மன்னருக்கு ஏழடுக்கு வெண்குடை, ஆன பிறகு ஒன்பதடுக்கு. இந்தச் சடங்கை நடத்தும் அரசவைப் பிராமணர்களின் மார்கழி விழாவுக்குத் திரியம்பாவை, திரிபாவை என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்த தடம் அது.

மராத்தியரின் வழக்கு வேறொரு வெளிச்சம் தருகிறது. ராய்கட்டில் 1674 ஜூன் 6 அன்று காசியின் காகாபட்டர் சிவாஜிக்கு ராஜ்யாபிஷேகம் செய்தார். அதற்கு முன் பூணூல் சடங்கு செய்ய வேண்டியிருந்தது. க்ஷத்திரியருக்கே வேத முறை நீராட்டு என்பது விதி. ஜூன் 17-ல் தாய் ஜீஜாபாய் மறைந்தார். முதல் சடங்கில் குறை உண்டென்று தாந்திரிகரான நிச்சலபுரி கோசாவி சொல்ல, செப்டம்பர் 24-ல் தாந்திரிக முறையில் இரண்டாவது அபிஷேகம் நடந்தது. சர்ச்சை முழுவதும் நீர், மந்திரம், தகுதி பற்றியதே. முடி சரியாகச் சூட்டினார்களா என்று எவரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் நிலை தலைகீழ். அங்கே சொல் கிரீடத்தைச் சொல்கிறது. கொரோனேஷன் என்பது கிரீடம் என்று பொருள்படும் இலத்தீன் ‘கொரோனா’விலிருந்து வந்தது. ஆனால் சடங்கின் மிகப் புனிதமான பகுதி எண்ணெய்ப் பூச்சு. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸுக்குக் கையிலும் மார்பிலும் தலையிலும் தைலம் பூசியது திரைகளுக்குப் பின்னால் நடந்தது. கேமராக்களுக்குக் காட்டியது முடியை. காட்டாமல் காத்தது அபிஷேகத்தை.

எழுதும்போது

பிரிட்டனுக்கு முடிசூட்டு விழா என்பது பொருந்தும். தாய்லாந்துக்கும் சிவாஜிக்கும் அபிஷேகம் என்ற சொல் உள்ளதால் பட்டாபிஷேகம் நெருங்கி வரும். ஜப்பானுக்கு இரண்டும் பொருந்தா. 2019 அக்டோபர் 22 அன்று பேரரசர் நருஹிதோ அரியணை ஏறி அறிவித்தார், அங்கே சூட்டுவதற்கு முடி கிடையாது. அரியணை ஏற்பு என்று எழுத வேண்டும். ஸ்பெயினின் ஆறாம் பிலிப் 2014 ஜூன் 19 அன்று பதவியேற்றபோது கிரீடம் மேசைமேல் இருந்தது, அவர் தலையில் ஏறவில்லை. அதையும் முடிசூட்டு என்று எழுதக் கூடாது.

கல்வெட்டு வாசிப்பவர்கள் வினையைப் பார்த்தால் போதும். ‘பண்ணி’ என்றால் அபிஷேகம், ‘கட்டி’ என்றால் பட்டம், ‘சூடி’ அல்லது ‘புனைந்து’ என்றால் முடி. முடியோடு ‘கொண்டு’ வந்தால் பெரும்பாலும் பகைவனுடையது.

மலேசியத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அங்கே மாமன்னர் பதவியேற்பின் மலாய்ப் பெயர் ‘பெர்தபாலான்’. அதன் வேர் ‘தபால்’, முரசைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நோபாட் என்ற அரச வாத்தியக் குழு முழங்குவதே அந்தச் சடங்கின் உயிர். மாமன்னர் தலையில் இருப்பது தெங்கோலோக் என்ற கட்டிய துணி. கிரீடம் கிடையாது, நீரும் கிடையாது. முடிசூட்டு விழா என்று எழுதினால் மூன்று சொற்களில் மிகத் தவறானதைத் தேர்ந்ததாகும். துணி கட்டிய தலைக்கு மிக அருகில் வரும் தமிழ்ச் சொல் பட்டங்கட்டுதல்தான்.